யாருடைய கல்லூரி? யாருடைய வரலாறு?

யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரிக்கு வயதேறினால் மலர் பூக்கும். ஐம்பதாம் ஆண்டுக்கு ஒரு மலர், நூறாம் ஆண்டுக்கு இன்னொரு மலர். முதற் பக்கங்களில் பெரியோரின் ஆசியுரைகள். அடுத்து வரிசைக்கிரமமாக அதிபர்களின் படங்கள். அதன்பின் கட்டட வரலாறு, வென்ற கிண்ணங்களின் பட்டியல், பட்டம் பெற்றோரின் பட்டியல், இறுதியில் விளம்பரங்கள். இதற்குப் பெயர் கல்லூரி வரலாறு! ஓர் ஊரின் வரலாற்றை அவ்வூர் விதானைமாரின் பெயர்ப்பட்டியலாக எழுதினால் எப்படியிருக்குமோ அப்படித்தான் இருக்கிறது இந்த வரலாறும்.

1850ஆம் ஆண்டில் தோன்றிய யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரி 2025ஆம் ஆண்டில் 175 வயதை எட்டிவிட்டது. கத்தோலிக்க ஆண்பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணத்தில் எழுந்த இவ்வுயர்கல்விக் கூடத்தின் வரலாறு யாழ்ப்பாணச் சமூகத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பது. அதனை மலர்களின் மணத்துக்குள் புதைத்துவிட நாம் ஒருப்படோம். ஒரு கல்விக்கூடத்தின் குணத்தை அறிவதற்கு மூன்று வினாக்கள் போதும். அது யாருக்காகக் கதவு திறந்தது? எந்த மொழியில் பேசியது? என்ன பயனை நோக்கிப் பிள்ளையை வளர்த்தது? இம்மூன்றுக்கும் நேர்மையான விடை தராத வரலாறு வரலாறன்று, வாழ்த்துப்பா.

முதலில் பெயரையே பார்ப்போம். ‘சம்’ என்பது போர்த்துக்கேயர் புனிதருக்குச் சூட்டும் அடைமொழி தமிழன் நாவில் தேய்ந்து நின்ற வடிவம். பத்திரிசியார் அயர்லாந்தின் பாதுகாவலர். கல்லூரி என்ற அமைப்போ ஆங்கில ஆட்சியின் வார்ப்பு. போர்த்துக்கேய முன்னொட்டும் அயர்லாந்துப் புனிதரும் ஆங்கிலப் பாடத்திட்டமும் ஒன்றாய்க் கூடித் தமிழ்க் கரையொன்றில் வந்து குந்தியிருக்கின்றன. நானூறு ஆண்டுக் குடியேற்ற ஆட்சி முழுவதும் ஒரு பெயர்ப்பலகைக்குள் அடங்கிவிட்டது. இதை இழிவென்று நாம் சொல்லவில்லை. வரலாறு தந்த பெயர் அது. ஆனால் அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் நின்ற தமிழ்ப் பிள்ளைக்கு அதில் எவ்வளவு இடம் கிடைத்தது என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

கல்லூரி எழுந்த காலத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். அதே 1823இல் அங்கிலிக்கன் திருச்சபையினர் நல்லூரில் ஆங்கிலப் பாடசாலை தொடங்கினர். மெதடிஸ்தர் பட்டினத்தின் நடுவே பாடசாலை நடத்தினர். அங்கே கற்றுக் கற்பித்த ஆறுமுக நாவலர் வெளியேறி 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இவற்றுக்கெல்லாம் பின்னரே, ஆயர் பெற்றக்கினி ஆண்டகையின் முயற்சியால், பற்றிக் பொய் என்ற அயர்லாந்துக்காரரைத் தலைமையாசிரியராகக் கொண்டு, 1850இல் கத்தோலிக்கரின் ஆங்கிலப் பாடசாலை தோன்றுகிறது. 1881இல் அது சம்பத்திரிசியார் கல்லூரி என்னும் பெயரைப் பெறுகிறது.

ஏன் இந்த அவசரம்? அறிவொளி வானத்திலிருந்து இறங்கியது என்று மலர்கள் சொல்லும். உண்மை அவ்வளவு தெய்விகமானதன்று. 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் சீர்திருத்தங்களுக்குப் பின் ஆங்கிலம் அறிந்தவனுக்கே அரசாங்க உத்தியோகம் என்றாயிற்று. ஆங்கிலப் பாடசாலைகளோ புரட்டஸ்தாந்தர் கையில் இருந்தன. கத்தோலிக்கப் பிள்ளை ஆங்கிலம் தேடிப் போனால் வேதம் மாறித் திரும்புவான் என்ற அச்சம் ஆயர்களைப் பிடித்தது. நாவலரைப் பிடித்த அச்சமும் ஏறத்தாழ இதுவே. சைவனும் கத்தோலிக்கனும் மெதடிஸ்தனும் ஒருவரையொருவர் பார்த்துப் போட்டிபோட்டுக் கட்டிய பாடசாலைகளே இன்று நாம் பெருமையடிக்கும் யாழ்ப்பாணக் கல்விப் பாரம்பரியம். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்ற யாழ்ப்பாணத்துப் பழமொழி பிறந்ததும் இந்த மண்ணில்தான். கொழும்புக் கந்தோருக்கும் மலாயா றெயில்வேக்கும் லிகிதர்களைச் செய்து அனுப்பிய பட்டறைக்கு எல்லாச் சமயங்களும் ஒருங்கே கரியும் துருத்தியும் கொடுத்தன.

1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தது. அதன்பின் சமயச் சபைகளின் பாடசாலைகளுக்கு அரசாங்க உதவி நன்கொடை முறையாகக் கிடைத்தது. இந்த ஏற்பாடு உருவாக 1860களில் எழுத்தாலும் வாதத்தாலும் முன்னின்று உழைத்தவர் பிரெஞ்சுத் துறவியான பொன்ஜீன் ஆண்டகை. 1868இல் யாழ்ப்பாணத்து ஆயரானவர். சிறுபான்மைச் சமயத்தவனின் பிள்ளையை அரசாங்கமோ பெரும்பான்மையோ தன் அச்சில் வார்க்கக் கூடாது என்ற அவருடைய வாதத்தின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் நன்கொடை எப்படி அளக்கப்பட்டது? பரீட்சையில் தேறியோர் தொகையை வைத்து! அதிலும் ஆங்கிலப் பாடசாலைக்கு ஒரு விகிதம், தமிழ்ப் பாடசாலைக்குக் குறைந்த விகிதம். பிள்ளையின் தலையை எண்ணாமல் தேர்ச்சியை எண்ணிக் காசு கொடுத்த அந்தக் கணக்குப் புத்தகம் மூடப்பட்டு எவ்வளவோ காலமாயிற்று. ஆனால் நம் ஆசிரியர் அறைகளில், பெற்றார் கூட்டங்களில், பத்திரிகைகளின் பெறுபேற்றுப் பக்கங்களில் அந்தப் புத்தகம் இன்னும் திறந்தே கிடக்கிறது.

இப்போது முதல் வினாவுக்கு வருவோம். யாருக்காகக் கதவு திறந்தது?

யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கத்தைக் காப்பாற்றியவர் யார்? 1619இல் போர்த்துக்கேயர் அரசைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். உத்தியோகத்துக்கும் காணிக்கும் ஆசைப்பட்டவர்கள் ஒல்லாந்தரின் பதிவேட்டில் பெயர் கொடுத்துவிட்டு வீட்டில் வேறு வழிபாடு நடத்தினர். 1687இல் கோவையிலிருந்து மாறுவேடத்தில் வந்து சேர்ந்த யோசவ் வாஸ் முனிவரைப் போன்ற குருமாருக்கு மறைவிடமும் சோறும் கொடுத்தவர்கள் எளிய விசுவாசிகள். கரையூரும் பாசையூரும் நாவாந்துறையும் தீவகத்துக் கரைகளும் அந்த விசுவாசத்தின் கோட்டைகள். கடலில் வலை வீசியவனின் உழைப்பில் எழுந்தவை இக்கரைகளின் கோயில்கள். அந்தக் கோயில் மணியோசை கேட்கும் தூரத்திலேயே கல்லூரியும் எழுந்தது.

ஆனால் சம்மாட்டியின் மகனுக்கும் கூலிக்குத் தண்டுவலித்தவனின் மகனுக்கும் அந்தக் கதவு ஒரே அகலத்தில் திறந்ததா? குடியேற்ற ஆட்சிக் காலத்தில் தமிழ்ப் பாடசாலை இலவசம். ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம். முன்னது சுவடிக்கும் ஐந்தாம் வகுப்புக்கும்; பின்னது கந்தோருக்கும் கௌரவத்துக்கும். ஒரே ஞானஸ்நானத் தொட்டியில் தலை நனைந்த இரு பிள்ளைகள் ஒருவன் கல்லூரிக்கும் மற்றவன் தோணிக்கும் போனார்கள் என்றால், அவர்களைப் பிரித்தது சமயமன்று, கட்டணச் சிட்டு. இதற்கு ஒரு கல்லூரியை மட்டும் குற்றஞ்சாட்டுவது பேதைமை. யாழ்ப்பாணத்துப் பெருங் கல்லூரிகள் அனைத்துமே, அவை எந்தச் சமயத்தின் கொடியை ஏற்றியிருந்தாலும், இந்தச் சிட்டின் மேல்தான் நின்றன.

கட்டணத்தோடு சாதியும் சேர்ந்தது. 1920களின் இறுதியில், அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற கட்டளை வந்தபோது யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது? விண்ணப்பங்கள் பறந்தன, பாடசாலைகள் தீக்கிரையாயின. பிள்ளை வாங்கில் இருப்பதைப் பொறாமல் வாங்கையே எரித்த சமூகம் இது! கிறிஸ்தவக் கோயில்களுள்ளும் சாதி தனக்கென இடம் ஒதுக்கிக்கொண்ட கதை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. தென்தமிழகத்து வடக்கன்குளத்தில் சாதிக்கொரு கையாக இரண்டு கைகள் வைத்தே தேவாலயம் கட்டப்பட்டது.

நம் முற்போக்கு இலக்கியத்தின் இரு தூண்களைப் பாருங்கள். ‘பஞ்சமர்’ நாவலைத் தந்த கே. டானியல் ஒருவர், ‘மல்லிகை’யை 1966இல் தொடங்கிப் பல்லாண்டு நடத்திய டொமினிக் ஜீவா மற்றவர். இருவர் பெயரும் கிறிஸ்தவம் சூட்டிய பெயர்களே. இருவரும் ஒடுக்கப்பட்ட மக்களிடையே பிறந்து, கல்லூரியின் மேல்வகுப்புகளைக் காணாமல், உழைப்பிலும் இயக்கத்திலும் கற்றவர்கள். பெயர் கொடுக்க முடிந்த சமயத்தால் வாங்கு கொடுக்க ஏன் முடியவில்லை? இந்த வினாவுக்கு எந்த மலரிலும் பக்கம் ஒதுக்கப்படுவதில்லை.

இரண்டாவது வினா மொழி பற்றியது. இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. இந்தக் கல்லூரி பெற்ற மாணவருள் தலைசிறந்தவர் தனிநாயகம் அடிகள் என்பதில் எவருக்கும் ஐயமிராது. கரம்பொனில் 1913இல் பிறந்து, ஊர்காவற்றுறையில் தொடங்கி, 1920களில் சம்பத்திரிசியார் கல்லூரியில் பயின்றவர். கொழும்பிலும் உரோமையிலும் குருத்துவக் கல்வி முடித்தவர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வல்லவர். அந்தப் பேரறிஞர் தமிழை முறையாகக் கற்றது எங்கே? 1940களின் தொடக்கத்தில் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராகப் போனபோது, அங்கிருந்த பண்டிதர் ஒருவரிடம்! அதன்பின்னரே 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சேர்ந்து தமிழ் கற்றுப் பட்டம் பெற்றார். பின்னர் அவர் ‘தமிழ்க் கல்ச்சர்’ ஆய்விதழை நடத்தியதையும், 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற மூலவராய் நின்றதையும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூட்டியதையும் உலகம் அறியும்.

அடிகளின் படத்தைச் சுவரில் மாட்டுவோர் இதைச் சற்றே சிந்திக்கவேண்டும். தமிழை உலகுக்கு எடுத்துச் சென்றவன் தமிழைத் தேடிக் கடல் கடக்க நேர்ந்தது. அவரை வளர்த்த கல்விமுறை அவருக்கு இலத்தீனின் வாயிலைத் திறந்தது. சங்க இலக்கியத்தின் வாயிலைத் திறக்கவில்லை. இங்கே குற்றவாளி ஒரு கல்லூரியா? இல்லை. ஆங்கிலக் கல்லூரி எனப்பட்ட அமைப்பு முழுவதுமே குற்றவாளி.

“சுவாமி ஞானப்பிரகாசர் இல்லையா? தாவீது அடிகள் இல்லையா?” என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். தமிழின் சொற்பிறப்பையும் யாழ்ப்பாணத்தின் பழங்கதையையும் ஆராய்ந்த அமலமரித் தியாகிகள் சபைத் துறவி ஞானப்பிரகாசரை நாம் தலைவணங்குகிறோம். ஆனால் தனியொருவன் பெற்ற புலமை வேறு. வகுப்பறை கொடுத்த கல்வி வேறு. வேலி தாண்டி வளர்ந்த மரத்தைக் காட்டி வேலியைப் புகழ்வது எந்த ஊர் நியாயம்? தாய்மொழி வகுப்பறையின் போதனாமொழியானது கன்னங்கராவின் இலவசக் கல்விக்குப் பின்னரே. 1945க்குப் பின் தொடக்க வகுப்புகளிலும் 1950களில் இடைநிலை வகுப்புகளிலும் அது நிகழ்ந்தது. அந்த இலவசக் கல்வித் திட்டத்தை அன்று வன்மையாக எதிர்த்தவர்களுள் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர்களும் இருந்தனர் என்பதை வரலாறு மறக்காது.

1960ஆம் ஆண்டின் பாடசாலைப் பொறுப்பேற்பும் இவ்வரலாற்றின் பெரிய திருப்பம். நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் தன் கையில் எடுக்க 1960இலும் 1961இலும் சட்டங்கள் வந்தன. தீவெங்கும் கத்தோலிக்கப் பெற்றார் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாகக் குந்தியிருந்து எதிர்த்தனர். பெருங் கல்லூரிகளுக்கு ஒரு வழி விடப்பட்டது. அரசாங்கப் பணமும் வேண்டாம், பிள்ளையிடம் கட்டணமும் வாங்கோம் என்றால் தனியாக நிற்கலாம். சம்பத்திரிசியார் கல்லூரி அந்த வழியைத் தேர்ந்தது. இடதுசாரிக் கட்சிகள் பொறுப்பேற்பை ஆதரித்தன. கல்வி சமயச் சபைகளின் உடைமையன்று, மக்களின் உரிமை என்ற கொள்கை அன்றும் சரி, இன்றும் சரி.

ஆனால் அந்த மக்கள் யார், அந்த அரசாங்கம் யாருடையது என்று கேட்கும் கடமையும் இடதுசாரிக்கு உண்டு. பாடசாலைகளை எடுத்த அரசாங்கம், 1956இல் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய கட்சியின் அரசாங்கம். பத்தாண்டு செல்லவில்லை, 1970இல் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகளாய் அமர்ந்த ஐக்கிய முன்னணி ஆட்சியிலே, பல்கலைக்கழக அனுமதியில் தமிழ்மொழி மூலம் எழுதிய மாணவனுக்கு உயர்ந்த புள்ளி வரம்பு விதிக்கப்பட்டது. தரப்படுத்தல் என்று அதற்குப் பெயர். வகுப்பறையில் சமத்துவம் பேசியவர்கள் வாசற்படியில் பாகுபாடு வைத்தனர்! பொன்ஜீன் ஆண்டகை நூறாண்டுக்கு முன் எழுப்பிய அச்சம், அதாவது பெரும்பான்மையின் அரசாங்கத்திடம் சிறுபான்மையின் பிள்ளையை முழுதாக ஒப்படைக்கலாமா என்ற அச்சம், வேறொரு கோலத்தில் மெய்யாயிற்று. இதை ஒப்புவதால் நாம் சபைகளின் ஏகபோகத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. சபையின் உடைமையாகவும் வேண்டாம், பேரினவாத அரசின் உடைமையாகவும் வேண்டாம். கல்விக்கூடம் அதைச் சுற்றி வாழும் மக்களின் உடைமையாகட்டும் என்பதே நம் கட்சி.

மக்களின் உடைமை என்று நாம் சொல்வது வெறுங் கோஷமன்று. இந்தக் கல்லூரி யாருடையது என்பதை இரத்தமும் தீயும் ஏற்கெனவே சொல்லிவிட்டன.

கல்லூரியின் அதிபராயிருந்த அயர்லாந்துக்காரர் லோங் அடிகள், தன் கல்லூரிச் சுவருக்கு வெளியே, யாழ்ப்பாணத்துப் பொதுமக்கள் அனைவருக்குமாக ஒரு நூலகம் எழ 1950களில் முன்னின்றவர். 1959இல் அந்த நூலகக் கட்டடம் திறக்கப்பட்டது. பரீட்சை கேட்காத, கட்டணம் கேட்காத, சாதி கேட்காத வாசலொன்றை அமைக்கத் தோள்கொடுத்ததே அவருடைய பெரும்பணி என்று நாம் கருதுகிறோம். 1981 மே 31ஆம் நாள் இரவில் தொடங்கிய வன்செயலில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரிந்தது. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் உயிர் துறந்தார்.

1986 ஜூன் 10ஆம் நாள் மண்டைதீவுக் கடலில் குருநகர்த் தொழிலாளர் முப்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1993 நவம்பர் 13ஆம் நாள் குருநகர் யாகப்பர் கோயில்மீது விமானக் குண்டு விழுந்தது. 2009 மே 18ஆம் நாள் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தோருடன் சென்ற பிரான்சிஸ் ஜோசப் அடிகள், இக்கல்லூரியின் முன்னாள் அதிபர். அவருக்கு என்ன நேர்ந்தது என்று அவரை எதிர்பார்த்திருப்போருக்கு இன்றுவரை பதில் இல்லை. அதிபர்களின் படவரிசையில் அவர் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது? பிறந்த ஆண்டு எழுதலாம். இறந்த ஆண்டு எழுத முடியுமா? அந்த வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டு, அதன் காரணத்தை அச்சிடுகிற மலரே உண்மையான மலர்.

சிலர் நம்மைப் பார்த்து, “போரால் நொந்த கல்லூரியைப் புண்படுத்தலாமா?” என்பார்கள். புண்படுத்துவது வேறு, புண்ணைத் திறந்து மருந்திடுவது வேறு. குடியேற்ற ஆட்சி போய்விட்டது. கட்டணச் சிட்டும் சட்டத்திலிருந்து போய்விட்டது. ஆனால் பெருங் கல்லூரி, சிறு பாடசாலை என்ற பிரிவு போய்விட்டதா? யாழ்ப்பாணத்தில் இன்றும் ‘நல்ல பள்ளிக்கூடம்’ என்று நாலைந்து பெயர்களே சொல்லப்படுகின்றன. அவற்றின் வாசலில் பெற்றார் முண்டியடிக்க, கிராமத்துப் பாடசாலைகள் பிள்ளையின்றி வெறிச்சோடுகின்றன. காலையில் கல்லூரியும் மாலையில் தனியார் கல்வி நிலையமுமாகப் பிள்ளையின் நாள் கழிகிறது. பின்னதற்குக் காசு கொடுக்க முடியாதவன் முன்னதிலும் பின்தங்குகிறான். கட்டணச் சிட்டு வேறு வாசலால் உள்ளே வந்துவிட்டது. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் அனுப்பும் பணம் மண்டபமாகவும் மைதானமாகவும் உயர்கிறது. அந்த அன்பை நாம் மதிக்கிறோம். ஆனால் அதில் எவ்வளவு, வலையிழுக்கும் தகப்பனின் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடாகவும் புத்தகமாகவும் போய்ச் சேர்கிறது?

ஆதலால் நாம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். சம்பத்திரிசியார் கல்லூரிக்கு மட்டுமல்ல, யாழ்ப்பாணத்துப் பெருங் கல்லூரிகள் அனைத்துக்கும் இவை பொருந்தும்.

முதலாவது: பழைய அனுமதிப் பதிவேடுகளை ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிடுங்கள். எந்தப் பிள்ளையின் பெயரும் வேண்டாம். எந்த ஊரிலிருந்து, எத்தொழில் செய்த தகப்பனின் பிள்ளைகள், எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் இடையில் நின்றனர் என்ற கணக்குப் போதும். மலர்கள் சொல்லாத வரலாற்றை அந்த எண்கள் சொல்லும். அவை நம் ஐயத்தைப் பொய்யாக்குமானால் மகிழ்ச்சியோடு ஏற்போம்.

இரண்டாவது: அனுமதியின் விதிகள் பகிரங்கமாகட்டும். கரையிலும் குடிசையிலும் வாழும் பிள்ளைக்கு இத்தனை இடம் என்று எழுதி வாசலில் ஒட்டுங்கள். தருமமாகக் கொடுக்கவேண்டாம், இந்தக் கோயிலையும் கல்லூரியையும் சுமந்த தோள்களுக்குரிய பங்காகக் கொடுங்கள்.

மூன்றாவது: தேர்ச்சி வீதத்தை எண்ணும் கல்வியிலிருந்து மனிதனை எண்ணும் கல்விக்குத் திரும்புங்கள். தமிழிலக்கியம் மருத்துவனாக முடியாதவனின் ஒதுக்குப்புறமாக இருக்கும்வரை, இன்னொரு தனிநாயகம் இன்னொரு கடலைக் கடக்கத்தான் வேண்டியிருக்கும்.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு சொல். மலர்க்குழுவில் நம்மையே எழுதக் கேட்பார்கள். தமிழ் படித்தவர்கள் நாமல்லவா! ஆசியுரைகளுக்கு மெய்ப்புப் பார்ப்பதோடு நம் கடமை முடிந்துவிடக் கூடாது. ஊருக்குள் இறங்கி, கல்லூரி மதிலுக்கு வெளியே நின்று வளர்ந்த முதியவர்களைக் கேளுங்கள். விடுதியில் சமைத்தவரைக் கேளுங்கள். மைதானம் துப்புரவாக்கியவரைக் கேளுங்கள். ஐந்தாம் வகுப்போடு தோணி ஏறியவரைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். மலர்க்குழு அதை அச்சிட மறுத்தால், அந்த மறுப்பையும் சேர்த்து எழுதி, இதைப் போன்ற ஏடுகளுக்கு அனுப்புங்கள். அச்சேறும்வரை நாமும் விடப்போவதில்லை.